மீட்டு கேட்கிறது, இழுப்பைக் காணோம்!

கேள்வி: பன்னிரண்டு வருஷமாக வீணை வாசிக்கிறேன். ஆறு மாதமாக ஒரு ஃபியூஷன் குழுவில் இருக்கிறேன்; கல்யாண வரவேற்பு மேடைகள்தான் அதிகம். டிரம்ஸ், பேஸ் கிடார், கீபோர்டு, தவில் எல்லாம் உண்டு. நடுவில் என் வீணை எனக்கே கேட்பதில்லை. சவுண்டுக்கார அண்ணனிடம் கூட்டச் சொன்னால் 'ஊய்ய்' என்று ஊளையிடுகிறது. எலெக்ட்ரானிக் வீணை வாங்கிவிடட்டுமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அவசரப்பட்டு காசைக் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த நிகழ்ச்சியில் யாரையாவது ஹாலின் நடுவில் நின்று போனில் பதிவு செய்யச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். வீணை அடியோடு கேட்காமல் போயிருக்காது. 'டங்' என்று மீட்டு கேட்கும், அதற்குப் பின்னால் வருவதுதான் காணாமல் போயிருக்கும். நாகஸ்வரத்தில் மூச்சு இருக்கும்வரை ஒலி நிற்கும், வயலினில் வில் ஓடும்வரை நிற்கும். நமக்கு மீட்டிய கணத்திலேயே நாதம் தேய ஆரம்பித்துவிடுகிறது, அந்தத் தேய்கிற நாதத்தில்தான் கம்பியை இழுத்து மூன்று நான்கு ஸ்வரம் பேசுகிறோம். தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை அசைத்துக்கொண்டிருக்கும்போது டிரம்ஸ்காரர் சிம்பலில் ஒரு போடு போட்டால் அவ்வளவுதான், காந்தாரம் போயே போச்சு.

எலெக்ட்ரானிக் வீணையிலும் நாதம் தேயத்தான் செய்யும். ஊளை குறையும், அது உண்மை. ஏனென்றால் ஊளைக்குக் காரணம் உங்கள் பலாமரக் குடம்தான்; ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தத்தை வாங்கி அதுவும் அதிரும், வீணையின் உடம்பில் ஒட்டியிருக்கும் காண்டாக்ட் மைக் அதைத் திரும்ப ஸ்பீக்கருக்கே அனுப்பும். நான் மெல்லிசைக் குழுவில் வாசித்த காலத்தில் ஒரு கோயில் திருவிழா மேடையில், கையே வைக்காத பஞ்சமக் கம்பி தானாகப் பாட ஆரம்பித்துவிட்டது, தொடையை ஒட்டியிருந்த குடம் கிரைண்டர் மாதிரி அதிர்ந்தது, நான் இரண்டு கையாலும் கம்பிகளை அமுக்கிக்கொண்டு அசட்டுச் சிரிப்பு சிரித்தேன். அதனால் மானிட்டர் ஸ்பீக்கர், அதாவது வாசிப்பவர் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர், குடத்தைப் பார்த்து இருக்கக் கூடாது. முடிந்தால் அதை எடுத்துவிட்டு இயர்போன் தரச் சொல்லுங்கள். ஊளையிடும் அந்த ஒரு அலைவரிசையை மட்டும் ஈக்வலைசரில் வெட்டச் சொல்லுங்கள், மொத்த வால்யூமையும் இறக்க வேண்டியதில்லை. காண்டாக்ட் மைக்கைக் குதிரைக்கு (குடத்தின் மேல் கம்பிகளைத் தாங்கும் கட்டை) பக்கத்தில் அரை அங்குலம் அப்படியும் இப்படியும் நகர்த்திப் பார்ப்பதும் பலன் தரும்.

அப்புறம் வாசிப்பு. மூன்று கட்டை சுருதி என்றால் முதல் கம்பியான சாரணியின் ஸட்ஜம் சுமார் 165 ஹெர்ட்ஸ், மந்தரக் கம்பி 82. பேஸ் கிடாரும் டிரம்ஸின் பெரிய மேளமும் குடியிருக்கிற தெரு அது, அங்கே போய் நீங்கள் சண்டை போட முடியாது. எல்லோரும் முழங்கும் இடங்களில் தார ஸ்தாயிக்கு, அதாவது மேல் ஸ்தாயிக்குப் போங்கள், ஒரே மீட்டில் இழுப்பதை இரண்டு மூன்று மீட்டாகப் பிரியுங்கள். தனியாக உட்கார்ந்து கேட்டால் கொஞ்சம் கரடுமுரடாகத்தான் இருக்கும். அந்தக் கூட்டத்தில் தெளிவாகக் கேட்கும்.

ஆனால் எல்லா விட்டுக்கொடுத்தலும் உங்களுடையதாகவே இருக்க வேண்டுமா என்ன? வீணைக் கச்சேரியில் நல்ல மிருதங்கக்காரர் கையை எப்படி அடக்குகிறார் என்று பார்த்திருப்பீர்கள். ஒரு பாட்டுக்கு நான்கு ஆவர்த்தனம் (நான்கு தாளச் சுற்று) உங்களுக்கு விடச் சொல்லிக் கேளுங்கள்: டிரம்ஸ், பேஸ், கீபோர்டு மூன்றும் சும்மா இருக்கட்டும், தவில்காரர் விரல் நுனியால் காலப்பிரமாணம் (வேகம்) மட்டும் பிடிக்கட்டும். ஒத்திகையிலேயே கேட்டு எழுதி வைத்துவிடுங்கள், மேடையில் கண்ணைக் காட்டினால் யாரும் பார்க்க மாட்டார்கள். அந்த நான்கு ஆவர்த்தனத்தில் தோடியை ஆசை தீர இழுங்கள்.

கேள்வி: செண்டை மேளத்தோடு புல்லாங்குழல் வாசிக்கிறேன். மைக்கில் காற்றுச் சத்தம்தான் 'புஸ் புஸ்' என்று வருகிறது.
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: மைக் உங்கள் உதட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது, சரியா? வாய்த்துளைக்கு எதிரே வைத்தால் மூச்சு நேராக அதில்தான் மோதும். கொஞ்சம் மேலே தூக்கி, விரல்துளைகள் பக்கமாகச் சாய்த்து வையுங்கள். பஞ்சுறை ஒன்றும் மாட்டிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை.