வலியில்லாமல் வந்து நின்றுபோன ரத்தம்

கேள்வி: என் கணவருக்கு வயது 62. போன மாதம் ஒருநாள் சிறுநீர் சிவப்பாகப் போனது. வலியோ எரிச்சலோ இல்லை, மறுநாளே தெளிந்துவிட்டது. கப்பல் பட்டறையில் பெயிண்ட் அடிக்கும் வேலை பார்த்தவர். சிகரெட்டை விட்டு ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைதான் காரணம் என்கிறார். புற்றுநோயாக இருக்குமா?
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: அம்மா, நின்றுவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் தலைகாட்டும். வலியில்லாமல் ரத்தம் வரும், தானே நிற்கும், சில வாரமோ மாதமோ கழித்துத் திரும்ப வரும். கல், கிருமித்தொற்று, புரோஸ்டேட் வீக்கம் ஆகியவற்றாலும் ரத்தம் வரலாம். சோதிக்காமல் எதுவென்று சொல்ல இயலாது. மாத்திரை மீது பழிபோட வேண்டாம். உள்ளே இருக்கும் கோளாற்றை அது வெளிக்காட்டியிருக்கவும் கூடும். அதற்காக அவராக அதை நிறுத்தவும் கூடாது.

இந்நோயில் ஏறத்தாழப் பாதிக்குப் புகைப்பழக்கமே காரணம். புகையிலை நச்சைச் சிறுநீரகம் வடிகட்டி அனுப்ப, அது பையில் மணிக்கணக்கில் தேங்கி உட்சுவரை அரிக்கிறது. சிகரெட்டை விட்டது மிக நல்ல காரியம்; ஆபத்து குறையும், ஆனால் பல ஆண்டுகளுக்கு முற்றிலும் நீங்காது. சாயத் தொழிற்சாலை ஊழியர்களுக்கு இந்நோய் வருவதை லுட்விக் ரேன் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1895இலேயே கவனித்தார். பெயிண்ட் அடிப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். வேலையை விட்டு 20 ஆண்டுகள் கழித்தும் நோய் வெளிப்படலாம். ஆகவே பழைய வேலையைப் பற்றி மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

வகைகளில், பையின் உட்படலத்தில் தோன்றுவதே சுமார் 90 விழுக்காடு. நாள்பட்ட கல், நீண்டகாலம் செருகியிருக்கும் சிறுநீர்க் குழாய் போன்ற உறுத்தலால் வருவது செதிள் செல் வகை, அது குறைவு. வகையைவிட ஆழமே எனக்கு முக்கியமாகப் படுகிறது. கண்டறியப்படுவோரில் நான்கில் மூன்று பேருக்குக் கட்டி பைச்சுவரின் தசையை எட்டியிருக்காது. எட்டிவிட்டால் பையையே அகற்ற நேரிடலாம்.

சிறுநீர்ச் சோதனை, சி.டி. ஸ்கேன் இரண்டும் செய்வார்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் சிஸ்டோஸ்கோபி எனும் உள்நோக்கிச் சோதனையைத் தவிர்க்கச் சொல்லாதீர்கள். சுவரோடு படர்ந்த நோய் ஸ்கேனுக்குத் தப்பும். மரத்துப்போகும் ஜெல் தடவி, மெல்லிய குழாயைச் சிறுநீர்வழியாகச் செலுத்திப் பார்ப்பார்கள். சில நிமிடங்கள்தான், அன்றே வீடு திரும்பலாம். வெட்கத்தால் இதைத் தள்ளிப்போடும் ஆண்கள் பலர். உங்கள் கணவரை அப்படி விட்டுவிடாதீர்கள். கட்டி தெரிந்தால் மயக்கமருந்து கொடுத்து, அதே வழியாகச் சுரண்டியெடுத்துச் சோதித்தால்தான் ஆழம் உறுதியாகும்.

இந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) அழைத்துச் செல்லுங்கள். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு அரசு மருத்துவமனைச் சிறுநீரியல் பிரிவுக்குப் போனால் கட்டணச் சலுகை கிடைக்கும். இதற்கிடையே ரத்தக் கட்டிகள் வந்தாலோ சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, அந்தச் சந்திப்பு நாளுக்குக் காத்திராமல் நேரே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.