ராட்சதக் கொரில்லா கதையான 'கிங் காங்' 1933-லேயே அவ்வளவு அருமையான படமாக வந்துவிட்டதே, அதைக் கோடிக்கணக்கில் கொட்டி 2005-ல் மறுபடி எடுத்தது தேவையா?

தேவைதான். புதிய படத்துக்கு இயக்குநர் பீட்டர் ஜாக்சன் 20 கோடி டாலருக்கு மேல் செலவழித்தார். அந்தப் பணம் உருப்படியாகப் போய்ச் சேர்ந்த இடம் டைனோசர் சண்டை அல்ல, காங்கின் முகம்.

பழைய படத்தில் காங் ஒன்றரை அடி உயரப் பொம்மை. முயல் ரோமம் போர்த்திய அதை வில்லிஸ் ஓ'பிரையன் குழுவினர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கையால் அசைத்துப் படம் பிடித்தார்கள். உற்றுப் பாருங்கள், காங் சும்மா நிற்கும்போதும் உடம்பு ரோமம் சிலிர்த்துக்கொண்டே இருக்கும். எல்லாம் அவர்கள் விரல் பட்ட இடங்கள். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டட உச்சியில் குண்டடி பட்டதும் காங் தன் மார்பில் வழியும் ரத்தத்தைத் தொட்டுப் பார்க்குமே, இன்றைக்கும் அங்கே எனக்குத் தொண்டை அடைத்துவிடும். ஆனால் அந்தத் துக்கத்தில் கதாநாயகிக்குப் பங்கில்லை. ஃபே ரே கடைசிவரை காங்கைக் கண்டு அலறத்தான் செய்கிறார்.

ஜாக்சன் கை வைத்தது இங்கேதான். காங்காக நடித்த ஆண்டி செர்கிஸ் ருவாண்டா வரை போய் மலைக் கொரில்லாக்களைக் கவனித்தவர். அவர் முக அசைவுகளைப் பதிவு செய்துதான் காங்கின் முகத்தை உருவாக்கினார்கள். கதாநாயகி நவோமி வாட்ஸ் படத்தில் ஒரு மேடைக் கலைஞர். தப்பிக்க வழி தெரியாமல் காங் முன்னால் குட்டிக்கரணம் அடிக்கிறார், கற்களைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார். காங்குக்கு அது பிடித்துப்போய், விளையாட்டாக அவரைத் தட்டித் தட்டி விழவைக்கிறது. ஒரு கட்டத்தில் போதும் என்று அதட்டுகிறார். பிறகு மலை உச்சியில் சூரியன் மறையும்போது, நெஞ்சைத் தொட்டு 'அழகு' என்று அதற்குச் சொல்லிக் கொடுக்கிறார். நியூயார்க்கில் விடியும் நேரம், கட்டடத்தின் உச்சியில், காங் அதே மாதிரி தன் நெஞ்சைத் தட்டுகிறது. பழைய படத்தில் இதற்கு ஈடான ஒரு காட்சியும் கிடையாது.

பணம் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு இடையில் 1976-ல் வந்த கிங் காங் படம் சாட்சி. 40 அடி உயர இயந்திரக் காங்கைச் செய்தார்கள். சரியாக இயங்காததால் திரையில் சில நொடிதான் வருகிறது. மீதி நேரம் பெரும்பாலும் கொரில்லா உடை போட்ட ரிக் பேக்கர்தான்.

2005 படத்தில் எனக்குக் கோபமும் உண்டு. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் காங் கண்ணில் படவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதைவிடப் பெரிய குறை, காங் வாழும் தீவின் மக்களைக் காட்டிய விதம். 1933-ல் அவர்களைக் காட்டுமிராண்டிகளாகக் காட்டினார்கள் என்றால், 70 வருடம் கழித்து அதை இன்னும் கொடூரமாக்கியிருக்கிறார்கள். எத்தனையோ விஷயங்களை மாற்றத் தெரிந்தவருக்கு இதை மாற்றத் தோன்றாதது பெரிய ஏமாற்றம்.

முதலில் பழையதைப் பாருங்கள், 100 நிமிடம்தான். அதிலிருந்து வெட்டப்பட்டுத் தொலைந்துபோன சிலந்திப் பள்ளத்தாக்குக் காட்சியை ஜாக்சன் தன் ஆட்களோடு அதே பழைய பொம்மை முறையில், கறுப்பு வெள்ளையில், மறுபடி உருவாக்கியிருக்கிறார். 1933 படத்தின் டிவிடியில் கூடுதலாக வந்தது. கிடைத்தால் விடாதீர்கள்.