சிமுலேஷனில் ஓடுது, போர்டில் ஓடலை!

போன இதழில் வீட்டிலேயே எலக்ட்ரானிக்ஸ் சர்க்யூட் கட்டிப் பார்ப்பது பற்றி எழுதினாலும் எழுதினோம், காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து மட்டும் ஒரு கட்டுக் கடிதம். முக்கால்வாசி சிமுலேஷன் (சர்க்யூட்டைக் கம்ப்யூட்டரிலேயே வரைந்து ஓட்டிப் பார்ப்பது) பற்றித்தான். அதனால் இந்தத் தடவை செட்டிநாட்டு வாசகர்களுக்கே பக்கம் முழுவதும்.

கே: இரண்டு பிசி547 டிரான்சிஸ்டர், இரண்டு 10 மைக்ரோஃபாரட் கபாசிட்டர், 47 கே ரெசிஸ்டர் போட்டு எல்ஈடி மாறி மாறி மின்னும் மல்டிவைப்ரேட்டர் கட்டினேன். பிரெட்போர்டில் (சால்டரிங் இல்லாமல் பாகங்களைச் செருகிக் கட்டும் பலகை) அழகாக மின்னுகிறது. அதையே எல்டிஸ்பைஸ் என்ற சிமுலேஷன் சாஃப்ட்வேரில் வரைந்தால் இரண்டு எல்ஈடியும் சேர்ந்து எரிந்துகொண்டு அப்படியே நிற்கிறது. எதை நம்புவது? (டிப்ளமா மாணவர், காரைக்குடி)

ப: பிரெட்போர்டைத்தான் நம்ப வேண்டும் தம்பி. ஆனால் ஸ்பைஸும் (எல்டிஸ்பைஸுக்குள் கணக்குப் போடும் புரோகிராம்) பொய் சொல்லவில்லை. அது ஓட ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு கணக்குப் போடுகிறது: சப்ளை ரொம்ப நேரமாகவே இருக்கிறது, எல்லாம் அடங்கிவிட்டது, அப்போது எந்தப் புள்ளியில் எத்தனை வோல்ட்? உன் சர்க்யூட்டில் அதற்கு விடை, இரண்டு டிரான்சிஸ்டரும் முழுசாக ஆன். அங்கிருந்துதான் நேரத்தை ஓட்டுகிறது. தள்ளிவிட யாரும் இல்லாததால் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. உன் மேஜையில் நடப்பது வேறு. பேட்டரியை மாட்டும் நொடியில் கபாசிட்டர்கள் காலி, டிரான்சிஸ்டர் இரண்டும் ஒரே மாதிரி கிடையாது, ஒன்று முந்திக்கொள்கிறது, ஆட்டம் ஆரம்பம். அதனால் ஸ்பைஸில் சப்ளை பூஜ்யத்திலிருந்து ஏறும்படி வை, ஒரு கபாசிட்டரை 10.1 என்று மாற்று. ஓடும். ஒரு சுற்றுக்கு 0.65 விநாடி அளவில் வர வேண்டும் (0.69 × 47 கே × 10 மைக்ரோ, அதைப் போல இரண்டு மடங்கு). இந்தக் கணக்கைப் பேப்பரில் போட்டுவிட்டு அப்புறம் ரன் பட்டனை அழுத்து. விடை என்னவாக இருக்கும் என்று தெரியாமல் அழுத்துகிறவனை ஸ்பைஸ் எந்தக் கிணற்றில் வேண்டுமானாலும் தள்ளும்.

தள்ளுவதற்கு உதாரணமும் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் விழும் இடம் இது. ஒரு மெகா ஓம் என்று நினைத்து 1 போட்டு பக்கத்தில் ‘எம்’ என்று எழுதினால் ஸ்பைஸுக்கு அது ஒரு மில்லி ஓம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமெல்லாம் அதற்குக் கிடையாது. மெகாவுக்கு ‘மெக்’ என்று மூன்றெழுத்து போட வேண்டும். கபாசிட்டருக்கு ‘எஃப்’ போட்டால் ஃபாரட் இல்லை, ஃபெம்டோ என்ற மிக மிகச் சின்ன அளவு. ஒரு ராத்திரி முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்ள இந்த இரண்டு எழுத்தே போதும்.

கே: இந்த ஸ்பைஸைக் கண்டுபிடித்தது யார்? எதற்காக? (வாசகி, பள்ளத்தூர்)

ப: அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லாரன்ஸ் நாகலும், அவருடைய பேராசிரியர் டொனால்ட் பெடர்சனும். வெளியானது 1973-ல், ஃபோர்ட்ரான் மொழியில். ஐசி என்ற சிப்புக்குள் இருக்கும் சர்க்யூட்டை பிரெட்போர்டில் கட்டிப் பார்த்து ஒப்பிட முடியாது, உள்ளே மீட்டர் முனையை விடவும் முடியாது, தப்பாகப் போனால் திரும்பவும் சிப் வார்க்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வழியே இல்லாத இடத்தில் பிறந்த சாமான் இது. உள்ளே ஓடுவது என்னவோ ஜெர்மன் விஞ்ஞானி கிர்ச்சாஃப் 1845-ல் சொன்ன கரண்ட், வோல்டேஜ் விதிகள்தான்.

கே: முப்பது வருஷமாக ரேடியோ, டிவி ரிப்பேர் பார்க்கிறேன். சால்டரிங் அயர்னும் மீட்டரும் போதும் எனக்கு. கட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் விஷயத்துக்குக் கம்ப்யூட்டர் எதற்கு? (மெக்கானிக், தேவகோட்டை)

ப: அண்ணே, கட்டிப் பார்த்தால் தெரிகிற விஷயத்துக்கு வேண்டாம். கட்டிப் பார்த்தாலும் தெரியாத விஷயம் ஒன்று சொல்கிறேன், நீங்களே முடிவு பண்ணுங்கள்.

உங்களுக்குக் கண்ணைக் கட்டினாலும் வரும் சர்க்யூட்டையே எடுப்போம். லோடிலும் 12 வோல்ட் தரும் டிரான்ஸ்ஃபார்மர், நாலு 4007 டயோடு, 1000 மைக்ரோஃபாரட் கபாசிட்டர், அப்புறம் நிலையாக 5 வோல்ட் தரும் 7805 ஐசி. லோடு அரை ஆம்பியர். 230 வோல்ட் வந்தால் கபாசிட்டரில் உச்சம் 15.5 வோல்ட் அளவு, இரண்டு உச்சத்துக்கு நடுவே ஒரு 4 வோல்ட் இறங்கும், பள்ளம் 11.5. 7805-க்கு 7 வோல்ட் இருந்தால் போதும், கவலையில்லை. மேஜையில் நீங்கள் பார்ப்பது இதைத்தான், சரியாகத்தான் இருக்கும்.

இப்போது சாயங்காலம் தெருவில் எல்லா வீட்டு மோட்டாரும் ஓடுகிறது, லைன் 180-க்கு வந்துவிட்டது. உச்சம் 11.8, பள்ளம் 7.8. அப்போதும் தப்பிக்கிறது! சரி, லைன் 230-லேயே இருக்கிறது, ஆனால் கபாசிட்டர் அதன் டாலரன்ஸ்படி (தயாரிப்பில் அனுமதித்த ஏற்ற இறக்கம்) 20 சதவீதம் குறைவாக வந்திருக்கிறது. பள்ளம் 10.5, அதுவும் ஒன்றும் செய்யாது. இரண்டும் ஒரே நாளில் சேர்ந்தால்? 180 வோல்ட்டும் 800 மைக்ரோவும் சேர்ந்தால் பள்ளம் 6.8. அங்கே 7805 கைவிடும், விநாடிக்கு நூறு தடவை 5 வோல்ட்டில் பல் விழும், ஆடியோவில் உர்ர்ர் என்று வரும். பார்ட்டி செட்டைத் தூக்கிக்கொண்டு மறுநாள் காலையில் உங்கள் கடைக்கு வருவார், அப்போது லைன் 230-க்கு வந்திருக்கும், செட் நன்றாகப் பாடும். இந்தக் கேஸ் உங்களுக்குப் புதுசில்லை என்று நினைக்கிறேன்.

சிமுலேஷனில் லைனை 170-லிருந்து 260 வரை, கபாசிட்டரை 800-லிருந்து 1200 வரை நகர்த்திக்கொண்டே போகச் சொல்லி ஒரு வரி எழுதினால் போதும், டீ ஆறுவதற்குள் அத்தனை கோடும் திரையில் வந்துவிடும். எது 7-க்குக் கீழே தொடுகிறது என்று பார்த்தால் முடிந்தது. வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்து லைனை இறக்கிப் பார்க்கலாம்தான், ஆனால் 20 சதவீதம் குறைந்த கபாசிட்டரைத் தேடி எங்கே போவீர்கள்? பிசி547-லேயே கெயின் (கரண்டைப் பெருக்கும் மடங்கு) 110-லிருந்து 800 வரை எது வேண்டுமானாலும் இருக்கலாம்; உங்கள் டப்பாவில் இருப்பது அதில் ஏதோ ஒரு ரகம், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று. லைன் 250 போகும்போது அந்த 7805-ல் 5 வாட் சூடு இறங்கும். ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) இல்லாவிட்டால் வாட்டுக்கு 65 டிகிரி ஏறும் சாமான் அது, ஷட்டவுன் ஆகிவிடும். சாதாரண மாடல் (பாகம் எப்படி நடந்துகொள்ளும் என்ற கணக்கு) வைத்த சிமுலேஷன் 5 வாட் என்று எழுதிவிட்டு நிம்மதியாக ஓடிக்கொண்டே இருக்கும். கை வைத்துப் பார்த்து ‘சுடுது’ என்று சொல்ல நீங்கள்தான் வேண்டும்.

கே: 9 வோல்ட் பேட்டரியை ஒரு ஓம் ரெசிஸ்டரில் கொடுத்தால் 9 ஆம்பியர் என்று காட்டுகிறதே! (மாணவி, காரைக்குடி)

ப: நீங்கள் போட்டது பேட்டரி இல்லை, வற்றாத ஊருணி. பேட்டரியின் உள் ரெசிஸ்டன்ஸாகத் தொடரில் இரண்டு ஓம் போடுங்கள், ஓரளவு நிஜத்துக்கு வரும். பேட்டரி தீரத் தீர அதுவும் மாறும். உங்கள் ஊர் சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) பேட்டரி ஆராய்ச்சிதான் ஒரு முக்கிய வேலை, அவ்வளவு விஷயம் இருக்கிறது அந்தக் குட்டி டப்பாவுக்குள்.

கே: புதுவயலில் அரிசி ஆலையில் எலக்ட்ரீஷியன். நெல் ஊறவைக்கும் தொட்டிக்கு டெம்பரேச்சர் கன்ட்ரோலர் நானே செய்தேன். சிமுலேஷனில் ஒரு குறையும் இல்லை, வீட்டிலும் நன்றாக வேலை செய்தது. ஆலையில் மாட்டினால் மோட்டார் கான்டாக்டர் (மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் காந்த சுவிட்ச்) விடும்போதெல்லாம் மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆகிறது.

ப: நீங்கள் வரைந்ததில் கான்டாக்டர் இருந்ததா? இருந்திருக்காது. சிமுலேஷனுக்குத் தெரிந்த உலகம் நீங்கள் வரைந்தது மட்டும்தான். இரண்டு பாகத்தை இணைத்து நீங்கள் இழுத்த கோடு அதற்கு வயரே கிடையாது. ஓம் பூஜ்யம், ஹென்றி பூஜ்யம். உங்கள் சென்சார் வயர் ஐந்து மீட்டர் இருந்தால் அது சுமார் 5 மைக்ரோஹென்றி காயில், அதோடு பக்கத்தில் ஓடும் கான்டாக்டர் வயரோடு சேர்ந்து ஒரு கபாசிட்டரும்கூட. கான்டாக்டர் காயில் விடும்போது வோல்டேஜ் ஆயிரத்தைத் தாண்டித் துள்ளுவது சாதாரணம். ஒரு மைக்ரோவிநாடியில் ஆயிரம் வோல்ட் துள்ளினால், வெறும் 100 பிகோஃபாரட் வழியாகவே 0.1 ஆம்பியர் உங்கள் போர்டுக்குள் பாயும். 10 கே போட்டுத் தூக்கிவைத்திருக்கும் ரீசெட் பின் அதைத் தாங்குமா?

இதை அப்படியே வரையுங்கள். காயில், அதை வெட்டும் சுவிட்ச், இரண்டு வயருக்கு நடுவே 100 பிகோ. ரீசெட் பின் குதிப்பது திரையிலேயே தெரியும். பிறகு கான்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே 100 ஓமும் 0.1 மைக்ரோ எக்ஸ்2 (மெயின்ஸ் லைனுக்கான ரகம்) கபாசிட்டரும் தொடராக ஒரு ஸ்னப்பர் (துள்ளலை அடக்கும் இணைப்பு), ரீசெட் பின்னில் 0.1 மைக்ரோ, ஐசி சப்ளை பின்னை ஒட்டி இன்னொரு 0.1 மைக்ரோ. ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், எது எவ்வளவு அடக்குகிறது என்று தெரிந்துவிடும். சென்சார் வயரை மோட்டார் வயரோடு ஒரே பைப்பில் விட்டிருந்தால் முதலில் அதைப் பிரியுங்கள், இதற்கு எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம்.

உங்கள் போர்டில் ரிலே இருக்குமே, காயிலுக்கு டயோடு போட்டீர்களா? போடாவிட்டாலும் சிமுலேஷன் ஓடும். பிசி547 தாங்குவது 45 வோல்ட், திரையில் அதன் கலெக்டரில் பல நூறு வோல்ட் ஏறும், டிரான்சிஸ்டர் ஒன்றும் ஆகாமல் நிற்கும். வழக்கமான மாடலில் உடைந்துபோகும் கணக்கே எழுதவில்லை. வெப்பநிலையும் அப்படித்தான், நீங்கள் மாற்றாதவரை எல்லாம் 27 டிகிரியில்தான் இருக்கும். சித்திரை மாதம் ஆலைக்குள், நீராவிக்குப் பக்கத்தில், இரும்புப் பெட்டிக்குள் 27 டிகிரியா! 60 போட்டு ஒரு தடவை ஓட்டுங்கள். டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் வீதம் டிரான்சிஸ்டரின் பேஸ் வோல்டேஜ் இறங்கும், டெம்பரேச்சர் அளக்கும் சர்க்யூட்டில் அது விளையாட்டில்லை.

கே: பேரன் பத்தாவது படிக்கிறான். சர்க்யூட் பழக லேப்டாப் வேண்டும் என்கிறான். வாங்கித் தரலாமா? (ஒரு ஆச்சி, கானாடுகாத்தான்)

ப: இதற்காக என்றால் வேண்டாம் ஆச்சி. ஃபால்ஸ்டாட் என்று ஒரு சிமுலேட்டர் இருக்கிறது, போனிலேயே திறக்கும், காசு கிடையாது, கரண்ட் ஓடுவதைப் புள்ளி புள்ளியாக நகர்த்திக் காட்டும். அதில் பிடிப்பு வந்தால், வீட்டில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரிலேயே எல்டிஸ்பைஸ் போடலாம், அல்லது மும்பை ஐஐடிக்காரர்கள் தரும் ஈசிம். இரண்டும் இலவசம். மிச்சமாகும் பணத்தில் ஒரு மல்டிமீட்டர், பிரெட்போர்டு, கொஞ்சம் ரெசிஸ்டர், எல்ஈடி வாங்கிக் கொடுங்கள். 9 வோல்ட் பேட்டரியோடு நிற்கட்டும், பிளக் பாயின்ட் பக்கம் இப்போதைக்கு விட வேண்டாம்.