அடகில் இருக்கும் ஆரத்தை வைத்துக் குழந்தைக்குச் செயின் வாங்கலாமா?

கேள்வி: திருப்பூரில் வசிக்கிறோம். கணவரும் நானும் சேர்ந்து மாதம் 58,000 ரூபாய் சம்பாதிக்கிறோம். எல்லாச் செலவும் போக 10,500 ரூபாய் மிஞ்ச வேண்டும், ஆனால் கையில் நிற்பதில்லை. மகனுக்கு 2 வயது 5 மாதம். அவனுடைய 11-ஆம் மாதத்தில் குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தினோம். அதற்காக என் 4 பவுன் ஆரத்தை ஒரு நிதி நிறுவனத்தில் ஒன்றரை ரூபாய் வட்டிக்கு வைத்து 1,40,000 வாங்கினோம். மொய்யாக வந்த 42,000 வீட்டுச் செலவில் கரைந்துவிட்டது. ஓராண்டு கழித்து, நகை விலை ஏறியிருப்பதால் 2,10,000 தருகிறோம் என்றார்கள். பழைய கடனை வட்டியோடு கழித்துக்கொண்டு கொடுத்த மீதியில் இரண்டாவது பிறந்தநாளை மண்டபத்தில் வைத்தோம். இப்போது அதே நகைக்கு 2,75,000 வரை தருவதாக அழைக்கிறார்கள். அந்தப் பணத்தில் பேரனுக்குத் தீபாவளிக்கு அரைப் பவுன் செயின் எடுக்கச் சொல்கிறார் மாமியார். இருவரின் போனஸும் சேர்ந்து 38,000 வரும். அது நாத்தனார் குடும்பத்துக்குத் துணி, பட்டாசு, மகனுக்கு பேட்டரி கார் என்று போய்விடும். முகவர் ஒருவர் ஆண்டுக்கு 24,000 கட்டும் குழந்தைத் திட்டத்தில் சேரச் சொல்கிறார். பண்டிகைகளை மகன் மனதில் நிற்கும்படி கொண்டாடி, எங்கள் வீட்டுக்கென்று சில வழக்கங்களை ஆரம்பிக்க ஆசை. நகையைத் திருப்பி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த அழைப்பு மறுபடி வந்தாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

வரவு செலவு எழுதுவது, அவசர நிதி சேர்ப்பது போன்றவை உங்களுக்குத் தெரிந்தவைதான். கடிதத்தைப் படித்தாலே அது தெரிகிறது. உங்கள் சிக்கல் பண்டிகையும் அல்ல, மாமியாரும் அல்ல. நகை விலை ஏற ஏற அதே நகையின் மேல் கூடுதல் கடன் வாங்கி அடுத்த விசேஷத்தை நடத்தும் பழக்கம்தான் சிக்கல். இரண்டு ஆண்டுகளாகக் கொங்கு வட்டாரத்தில் பல வீடுகளில் இது நடக்கிறது. கையிலிருந்து ஒரு ரூபாயும் கட்டாமல் கற்றையாகப் பணம் வருவதால், அது கடன் என்றே மனதில் பதிவதில்லை.

கணக்கைத் தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். 1,40,000-க்கு ஒன்றரை ரூபாய் வட்டியில் ஓராண்டு வட்டி 25,200. திருப்பி வைத்தபோது 2,10,000-இல் 1,65,200 பழைய கடனுக்குப் போய், உங்கள் கையில் வந்தது 44,800 மட்டும். அதன்பின் 6 மாதம் ஆகிவிட்டது. 2,10,000-க்கு மாதம் 3,150 வீதம் 18,900 வட்டி சேர்ந்திருக்கிறது. இன்று கடனை அடைக்க 2,28,900 வேண்டும். அவர்கள் சொல்லும் 2,75,000-ஐ வாங்கினால் கையில் வருவது 46,100.

மூன்று முறை கையில் வாங்கியதைக் கூட்டுங்கள்: 1,40,000, 44,800, 46,100. மொத்தம் 2,30,900. கடனோ 2,75,000. இடையிலுள்ள 44,100 முழுக்க வட்டி. அந்த வட்டியை நீங்கள் கட்டவில்லை, கடனுக்குள்ளேயே போட்டு, அதற்கும் வட்டி ஓடவிட்டிருக்கிறீர்கள். இனி அசலில் ஒரு ரூபாய் குறையாமல் வட்டிக்கு மட்டும் மாதம் 4,125 தேவைப்படும்.

இப்போது செயினைப் பாருங்கள். 46,000 ரூபாய்க்கு நகை எடுத்தால் அதில் 3 விழுக்காடு ஜிஎஸ்டி. செய்கூலியும் சேதாரமும் 12 விழுக்காடு என்று வைத்தால், தங்கமாகக் கழுத்தில் ஏறுவது 40,000 ரூபாய் மதிப்பு. அதற்கு ஆண்டு வட்டி 8,300. வீட்டிலுள்ள தங்கத்தை அடகில் போட்டு, அதைவிடக் குறைந்த தங்கத்தை வட்டிக்கு வாங்குகிறீர்கள். இரண்டரை வயதுக் குழந்தையின் கழுத்தில் செயின் இழுபடும், கொக்கி தெறிக்கும், கூட்டத்தில் காணாமலும் போகும். அரைப் பவுன் என்றால் கம்பியும் மெல்லியதாகத்தான் இருக்கும். எப்படியும் பீரோவில்தான் கிடக்கப் போகிறது.

விலை ஏறிக்கொண்டேதானே போகிறது என்று உங்கள் கணவர் சொல்லக்கூடும். 2013 ஏப்ரலில் தங்கம் சில நாட்களுக்குள் சரிந்தபோது, எல்லை வரை கடன் வாங்கியிருந்தவர்கள்தான் தவித்தார்கள். நகை மதிப்பில் முக்கால் பங்கு வரை கடன் இருக்கும்போது விலை இறங்கினால், இடைவெளிக்குப் பணம் கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும். கட்டாவிட்டால் ஏலம். ஏறிய விலை உங்கள் லாபமாவது நகை வீட்டுக்கு வந்த பிறகுதான்.

இனி செய்ய வேண்டியது. போனஸ் வந்த அன்றே, கடைவீதிக்குப் போகுமுன், 26,000 ரூபாயை நிதி நிறுவனத்தில் கட்டுங்கள். 18,900 வட்டிக்குப் போகும், 7,100 அசலில் குறையும். மீதிக் கடன் ஏறக்குறைய 2,03,000. ரசீதில் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். அப்படியே உங்கள் அடகுச் சீட்டின் பின்பக்கத்தையும் படியுங்கள். மாதாமாதம் வட்டி கட்டினால் ஒரு விகிதம், சில மாதம் விட்டால் அதைவிடக் கூடுதல் விகிதம் என்று படிப்படியாக ஏற்றும் திட்டங்கள் உண்டு. ஒன்றரை ரூபாய் என்று நீங்கள் நினைத்திருப்பது அதைத் தாண்டியும் போயிருக்கலாம். அப்படியிருந்தால் என் கணக்கில் அந்த வித்தியாசத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வேலை, கடனை வங்கிக்கு மாற்றுவது. பொதுத்துறை வங்கிகளில் நகைக்கடன் 10 விழுக்காட்டை ஒட்டிக் கிடைக்கிறது. உங்களுடையது மாதம் ஒன்றரை ரூபாய், அதாவது ஆண்டுக்கு 18. சில வங்கிகள் தாங்களே பணம் கட்டி நகையை மீட்டுத் தங்களிடம் வைத்துக்கொள்ளும். உங்கள் கிளையில் அந்த வசதி இல்லையென்றால், காலையில் வாங்கி மாலையில் திருப்பித் தரும் கைமாற்று ஒன்று வேண்டியிருக்கும். அதை ஒரே ஒருவரிடம், ஒரு நாளுக்கு மட்டும் கேளுங்கள். போகுமுன், கல் எடை கழித்து எவ்வளவு தருவார்கள், மதிப்பீட்டாளர் கட்டணம் எவ்வளவு, இடையில் அசலில் கட்ட அனுமதி உண்டா என்ற மூன்றையும் மேலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவதற்கு 'உண்டு' என்று சொல்லும் கிளைக்குத்தான் போக வேண்டும்.

மாதம் 9,000 கட்டினால் 10 விழுக்காட்டில் இந்தக் கடன் 25 மாதத்தில் தீரும். 18 விழுக்காட்டில் ஏறத்தாழ 28 மாதம் ஆகும், வட்டியும் 23,000 ரூபாய்க்கு மேல் கூடுதல். வங்கியில் 12 மாதம் கட்டிய பிறகு, அடுத்த தீபாவளி வாக்கில், 1,11,000 பாக்கி இருக்கும். அப்போது வரும் போனஸில் 25,000 கட்டினால் 86,000. அதன்பின் 10 மாதம் போதும். அதற்கடுத்த தீபாவளிக்கு ஆரம் உங்கள் கழுத்தில் இருக்கும். ஓராண்டு முடிந்து கடனைப் புதுப்பிக்கும்போது விலை ஏறியிருந்தால் வங்கியிலும் கூடுதலாகத் தருகிறோம் என்பார்கள். பாக்கித் தொகைக்கு மட்டும் புதுப்பியுங்கள். இந்தத் திட்டம் முறியக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

10,500-இல் 9,000 போக மிஞ்சும் 1,500-ஐ தனி சேமிப்புக் கணக்குக்கு மாற்றுங்கள், சம்பளம் வந்த மறுநாளே, ஏடிஎம் கார்டு இல்லாமல். தொடர் வைப்பு நிதி இதற்குச் சரிவராது. தைப்பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் இடையிடையே எடுக்க வேண்டுமே. ஆண்டுக்கு 18,000 ரூபாய். பொங்கல், சித்திரை, பிறந்தநாள், ஆடி, நவராத்திரி எல்லாம் இதற்குள். தீபாவளியைப் போனஸில் மிஞ்சும் 12,000-க்குள் முடிக்க வேண்டும்.

12,000 எப்படிப் போதும் என்று கேட்பீர்கள். வீட்டில் மூவருக்கும் மாமியாருக்கும் துணி 6,500. பலகாரம் 2,000, வீட்டிலேயே செய்தால். நாத்தனார் வீட்டுக் குழந்தைகளுக்கு மட்டும் துணி 2,500, பெரியவர்களுக்குப் பலகாரத் தூக்கு. மிச்சம் 1,000 எண்ணெய், பூ, கொஞ்சம் புஸ்வாணம், சங்குசக்கரம். மகனுக்குப் பட்டு வேட்டி சட்டை எடுக்காதீர்கள். சரிகை குத்தும், அரைமணியில் கழற்றிவிடுவான். ஓர் அளவு பெரிதாகப் பருத்தித் துணி எடுத்தால் பொங்கலுக்கும் ஆகும். கம்பி மத்தாப்பை அவன் கையில் தராதீர்கள். எரியும் முனையின் வெப்பம் ஆயிரம் டிகிரியை ஒட்டியது, அணைந்த கம்பியை மிதித்துச் சுட்டுக்கொள்ளும் குழந்தைகளும் அதிகம். வாசலில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, எரிந்த கம்பிகளை அதில் போடுங்கள். தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் வரையறுக்கப்பட்டிருப்பதும் உங்களுக்கு வசதிதான். ஒரு மணி நேரத்துக்கு மேல் பட்டாசு தேவையில்லை.

பேட்டரி காரை வட்டியில்லாத் தவணையில் எடுக்கலாம் என்ற யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. வட்டியைத் தள்ளுபடிக்குள் மறைத்து, செயல்பாட்டுக் கட்டணத்தையும் வரியையும் தனியாக வாங்குவார்கள்.

இனி நீங்கள் கேட்டதிலேயே எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். இரண்டரை வயதில் நடந்ததைப் பெரும்பாலான குழந்தைகள் பெரியவர்களான பின் நினைவில் வைத்திருப்பதில்லை. மண்டபமும் மேடையும் ஆல்பத்தில்தான் இருக்கும். அவன் மனதில் தங்கப்போவது ஆண்டுதோறும் அதே நாளில் திரும்ப வருவதும், அவன் கைக்கு வேலை இருப்பதும்தான். உங்கள் ஊரிலேயே அதற்கு எத்தனை இருக்கின்றன! போகி அன்று காப்புக் கட்டும்போது வேப்பிலையையும் ஆவாரம்பூவையும் பூளைப்பூவையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தருவது அவன் வேலை. மொத்தச் செலவு 50 ரூபாய். பொங்கலன்று கரும்பின் பக்கத்தில் நிற்கவைத்து, நிலைக்கதவின் உட்புறம் பென்சிலால் உயரம் குறித்துத் தேதி எழுதுங்கள். ஆண்டுதோறும் ஒரு கோடு ஏறும். சித்திரை முதல் நாள் விடியலில் கண்ணைப் பொத்தி அழைத்துவந்து கனி காட்டுங்கள். தட்டில் மா, பலா, வாழை, வெற்றிலை, கண்ணாடி, ஒரு நாணயம். 300 ரூபாய்க்குள் முடியும். கிருஷ்ண ஜெயந்திக்கு அரிசிமாவில் அவன் காலையே நனைத்து வாசலிலிருந்து பூஜையறை வரை நடக்கவிடுங்கள். வழுக்காமல் இருக்க மாவைக் கெட்டியாகக் கரைத்து, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். விஜயதசமிக்கு அவனுக்கு மூன்று வயது தாண்டியபின் தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் 'அ' எழுதவைக்கலாம், வீட்டிலேயே. கார்த்திகைக்கு அகலில் திரி வைப்பது அவன், ஏற்றுவது நீங்கள்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் தொடங்காதீர்கள். இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், போகிக் காப்பும் சித்திரைக் கனியும். ஐந்து வருடம் விடாமல் செய்ய முடிகிறதா என்பதை வைத்து மூன்றாவதைச் சேருங்கள்.

குழந்தைத் திட்டம் இப்போது வேண்டாம். அந்த வகைப் பாலிசிகள் பெரும்பாலும் ஆண்டுக்கு 5, 6 விழுக்காட்டுக்கு மேல் தருவதில்லை. நீங்கள் 18 கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த 24,000 நகைக்கடனுக்குப் போனால் அதுதான் மகனுக்கான முதல் சேமிப்பு. கைபேசியில் தினம் 50 ரூபாய்க்குத் தங்கம் வாங்கும் செயலிகளும் இதே ரகம்தான். வாங்கும்போதே 3 விழுக்காடு வரி, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே இடைவெளி, மேலே பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபியின் கண்காணிப்பும் இல்லை.

மொய் 42,000-ஐ நோட்டில் பெயர்வாரியாக எழுதியிருக்கிறீர்களா? அது உங்கள் பணமல்ல, அடுத்தடுத்த விசேஷங்களில் திரும்பப் போக வேண்டியது. இந்த ஆண்டு அந்த நோட்டிலுள்ளவர்களில் யார் வீட்டு விசேஷம் வருகிறது என்று பார்த்து, 18,000-இல் ஒரு பகுதியை அதற்கு ஒதுக்குங்கள். இல்லையென்றால் ஆவணி முகூர்த்தத்தில் மறுபடி அடகுக்கடைக்குப் போக நேரும்.

மாமியாரிடம் நீங்கள் பேச வேண்டாம், உங்கள் கணவர் பேசட்டும். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, நாத்தனார் இல்லாத நேரத்தில், அடகுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு: "அம்மா, ஆரம் ரெண்டு லட்சத்து இருபத்தெட்டாயிரத்துல நிக்குது. அதை மீட்டுட்டு, அவனுக்கு அஞ்சு வயசுல நீங்களே கூட வந்து செயின் எடுத்துக் குடுங்க. இந்தத் தீபாவளிக்கு அவனுக்கு எண்ணெய் தேச்சு விடறது உங்க வேலை, வருசா வருசம்." கங்கா ஸ்நானத்துக்கு அவன் தலையில் முதல் எண்ணெய் வைப்பது பாட்டி என்று வீட்டில் வழக்கமாகிவிட்டால், அது உங்கள் பட்டியலில் மூன்றாவதாக இப்போதே சேரட்டும். அதற்கு ஐந்து வருடம் காத்திருக்க வேண்டாம்.