வாசகர் கேள்வி: "என் கணவரைச் சோதனை எலி ஆக்கிவிடுவார்களா?"

சென்னையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் 31 வருடம் வேலை பார்த்தேன். முதல் 14 வருடம் வார்டு நர்ஸ். மீதி 17 வருடம் மருந்து ஆய்வுப் பிரிவில் ஒருங்கிணைப்பாளர். நோயாளியும் குடும்பமும் ஒப்புதல் படிவத்தோடு வந்து உட்காரும் மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்தவள். நான் டாக்டர் அல்ல, ஆகவே எந்த மருந்து யாருக்குப் பொருந்தும் என்று எழுத மாட்டேன். அந்த மேஜையில் என்ன நடக்க வேண்டும் என்பதும், அப்படி நடந்த ஆய்வுகளால் நமக்கு என்ன தெரிய வந்தது என்பதும் எனக்குத் தெரியும். நுரையீரல் புற்றுநோய் பற்றி வந்த கடிதங்களில் ஐந்தை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன்.

என் கணவருக்கு 52 வயது. நுரையீரல் புற்றுநோய், நாலாவது ஸ்டேஜ். பெரிய டாக்டர் "ஒரு ட்ரயல் இருக்கிறது, சேருகிறீர்களா" என்று கேட்டு 24 பக்கப் படிவம் கொடுத்திருக்கிறார். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். கொழுந்தனார் "அண்ணனைச் சோதனை எலி ஆக்கப் பார்க்கிறார்கள், கையெழுத்துப் போடாதீங்க அண்ணி" என்கிறார். எனக்குத் தூக்கமே இல்லை.
- ஒரு வாசகி, திண்டுக்கல்

அம்மா, முதலில் அந்தப் படிவம் தமிழில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தமிழில் கேட்டு வாங்குங்கள். உங்களுக்குப் புரிகிற மொழியில் தர வேண்டியது அவர்கள் கடமை. படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூடவே இருக்க, முழுவதையும் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். கையெழுத்தான பிறகு ஒரு பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும்.

அப்புறம், ஆய்வின் பெயர் போட்டிருக்கும் இடத்தில் அது எத்தனையாவது கட்டம் என்று தேடுங்கள். இல்லாவிட்டால் கேளுங்கள். முதல் கட்டம் என்றால் எவ்வளவு டோஸை உடம்பு தாங்கும் என்று பார்க்கிறார்கள். சேருபவர்கள் கொஞ்சம் பேர்தான். இரண்டாம் கட்டத்தில் மருந்துக்குக் கட்டி அடங்குகிறதா என்று பார்க்கிறார்கள். மூன்றாம் கட்டத்தில்தான், இன்று வழக்கமாகக் கொடுக்கும் சிகிச்சையோடு புதியதை நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் ஒப்பிடுகிறார்கள். முதல் கட்டத்துக்கும் மூன்றாம் கட்டத்துக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. உங்கள் கொழுந்தனார் மனதில் இருப்பது அநேகமாக முதல் கட்டம். உங்களிடம் கொடுத்திருப்பது எது என்று பார்த்த பிறகு அவரோடு பேசுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவற்றில் முதன்மையானது இது: "இதில் சேராவிட்டால் என் கணவருக்கு என்ன சிகிச்சை கொடுப்பீர்கள்?" அந்தப் பதில் தெரியாமல் ஆய்வைப் பற்றி எடை போடவே முடியாது. எத்தனை முறை திண்டுக்கல்லிலிருந்து வர வேண்டும், ஸ்கேன் செலவு யாருடையது, பஸ் செலவு தருவார்களா, ராத்திரி 2 மணிக்குக் காய்ச்சல் வந்தால் எந்த நம்பருக்குப் போன் செய்வது என்பதையும் கேளுங்கள். ஒரு அம்மா தினசரி நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் கேள்விகளை எழுதி, ஊசியால் கோத்துக் கொண்டுவந்தார். எங்கள் டாக்டர் ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பதில் சொன்னார். முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அதுதான் சரியான ஒப்புதல்.

நம் நாட்டில் 2009 ஜூன் 15-லிருந்து எந்த மருந்து ஆய்வையும் சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டில் பதிவு செய்தே தொடங்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, வீட்டில் பிள்ளைகளை விட்டு இணையத்தில் பார்க்கச் சொல்லுங்கள், காசு கிடையாது. புதிய மருந்து ஆய்வுகளுக்கான 2019-ம் வருட விதிகளின்படி, ஆய்வினால் உடம்புக்குக் கேடு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். படிவத்தில், ஆய்வில் சேருபவர்களின் நலனைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் இருக்கும். அந்த எண்ணுக்கு யாரும் கூப்பிடுவதே இல்லை. நீங்கள் கூப்பிடலாம்.

ஒரு பெரியவர், விழுப்புரம் பக்கம், எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "நான் வேண்டாம்னு சொன்னா டாக்டர் கோவிச்சுக்குவாராம்மா?" அந்தப் பயத்தோடு ஒருவர் போட்ட கையெழுத்து சம்மதமே அல்ல. வேண்டாம் என்று சொன்னாலும், சேர்ந்த பிறகு பாதியில் விலகினாலும், காரணம் சொல்லத் தேவையில்லை; வழக்கமான சிகிச்சை ஒரு துளியும் குறையக் கூடாது. அந்தப் பெரியவர் சேரவில்லை. அவருக்குக் கீமோ அதே டாக்டர் கையால்தான் நடந்தது.

திங்கட்கிழமைக்குள் முடிவுக்கு வர முடியாவிட்டால் இன்னும் சில நாள் கேளுங்கள். ஆனால் சிகிச்சை தொடங்காமல் வாரக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம். நாலாவது ஸ்டேஜில் நாட்களுக்கு விலை உண்டு.

ட்ரயலில் யாருக்குப் புது மருந்து, யாருக்குப் பழையது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கல் போட்டு முடிவு செய்யுமாமே? டாக்டரைவிடக் கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? சிலருக்கு வெறும் மாத்திரை கொடுத்து ஏமாற்றுவார்களாமே?
- ஒரு கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

தம்பி, கம்ப்யூட்டருக்கு எதுவும் தெரியாது என்பதற்காகத்தான் அதனிடம் விடுகிறார்கள். டாக்டரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், தன்னை அறியாமலே தெம்பாக நடந்து வருபவருக்குப் புது மருந்தையும் சக்கர நாற்காலியில் வருபவருக்குப் பழையதையும் எழுதுவார். கடைசியில் புது மருந்து ஜெயித்ததா, தெம்பு ஜெயித்ததா என்று சொல்ல முடியாது.

இதற்கு நுரையீரல் புற்றுநோயிலேயே ஒரு பாடம் இருக்கிறது. காய்கறி, பழம் அதிகம் சாப்பிடுபவர்களுக்கு இந்த நோய் குறைவு என்று பல கணக்கெடுப்புகள் சொல்லின. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டின்தான் காப்பாற்றுகிறது போலும் என்று நினைத்தார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு பீட்டா கரோட்டின் மாத்திரை, சிலருக்கு வெறும் மாத்திரை என்று வருடக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்! அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்விலும் அதே போக்கு தெரிந்ததால் 1996 ஜனவரியில் மாத்திரையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். குலுக்கல் இல்லாமல் இருந்திருந்தால் புகைபிடிப்பவர்களுக்கு அதை நல்லது என்று சொல்லி இன்றும் விற்றுக்கொண்டிருப்பார்கள்.

வெறும் மாத்திரை பற்றி: பின்லாந்தில் அதை வாங்கியவர்கள் நோய் வராதவர்கள். நோய் உள்ளவர்களின் ஆய்வில், பலன் தரும் சிகிச்சை ஒன்று இருக்கும்போது அதைப் பிடுங்கிவிட்டு வெறும் மாத்திரை மட்டும் கொடுப்பதை நெறிமுறைக் குழு அனுமதிக்காது. பெரும்பாலும், எல்லாருக்கும் வழக்கமான சிகிச்சை நடக்கும். அதன் மேல் ஒரு பாதிக்குப் புது மருந்து, மறு பாதிக்கு அதேபோலத் தெரியும் வெறும் மருந்து. அப்படி நடக்கப்போகிறது என்பதைப் படிவத்திலேயே எழுதியிருப்பார்கள். மறைத்தால்தான் ஏமாற்று.

இந்தக் குலுக்கல் நமக்குப் புதியதும் அல்ல. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், இப்போது சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், அதே முறையில்தான் நம் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியை சானடோரியத்திலும் ஒரு பகுதியை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். வீட்டு மனிதர்களுக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் அது வெளிவந்த பிறகு உலகமே காசநோயாளியை வீட்டில் வைத்து வைத்தியம் பார்க்கத் துணிந்தது.

அண்ணனுக்கு வறட்டு இருமல், சளியில் ரத்தம். எக்ஸ்ரே பார்த்து டிபி என்று சொல்லி மூன்று மாதமாக மாத்திரை சாப்பிடுகிறார். சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. எடை குறைந்துகொண்டே போகிறது.
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

இந்த வாரமே போங்கள், ஐயா. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவுக்குப் பழைய எக்ஸ்ரேக்கள் எல்லாவற்றோடும் போய், சி.டி. ஸ்கேனும் தேவைப்பட்டால் பயாப்ஸியும் (சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பது) எடுக்க வேண்டுமா என்று நேரடியாகக் கேளுங்கள். டிபி மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அது டிபியாகவே இருக்கலாம். ஆனால் கிருமியும் காணாமல், மருந்துக்கும் கேட்காமல் இருக்கும்போது வேறு நோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். என் அப்பாவுக்கு எங்கள் ஊரில் ஐந்து மாதம் டிபி மாத்திரை கொடுத்தார்கள். எக்ஸ்ரேயில் டிபியும் புற்றுநோயும் ஒரே மாதிரி வெள்ளையாகத் தெரியும். பயாப்ஸி எடுத்தபோது அறுவை சிகிச்சைக்கான நேரம் போய்விட்டிருந்தது. அப்போது நான் நர்ஸிங் இரண்டாம் வருடம். கேட்கத் தெரியவில்லை.

அம்மாவுக்கு 61 வயது. பீடி, சிகரெட் வாசனையே ஆகாது. அவருக்கு நுரையீரலில் அடினோகார்சினோமா என்ற வகைப் புற்றுநோய். ஏதோ மரபணு டெஸ்ட் பாசிட்டிவ் என்று தினம் ஒரு மாத்திரை மட்டும் கொடுக்கிறார்கள். பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கீமோ ஏறுகிறது. அம்மாவுக்குக் குறைவாக வைத்தியம் செய்கிறார்களா?
- ஒரு மகள், திருநெல்வேலி

இல்லை, மகளே. அந்த மாத்திரைக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது.

ஜெஃபிடினிப் என்ற மாத்திரை வந்த புதிதில் எல்லா நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கும் கொடுத்தார்கள். பலருக்கு ஒன்றும் நடக்கவில்லை. சிலருக்கு மட்டும் சில வாரத்திலேயே கட்டி கரைந்தது. அவர்களில் புகைபிடிக்காத பெண்கள், ஆசியர்கள் அதிகம். ஏன் என்று 2004-ல்தான் தெரிந்தது. அவர்கள் கட்டியில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருந்தது. உங்கள் அம்மாவுக்குப் பாசிட்டிவ் வந்தது அநேகமாக அதுதான், ரிப்போர்ட்டில் பாருங்கள். நம் நாட்டில் அடினோகார்சினோமா வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அது இருக்கிறது.

பிறகு ஹாங்காங் பேராசிரியர் டோனி மாக் தலைமையில் ஆசிய நாடுகளில் 1,217 பேரிடம் மாத்திரையா, கீமோவா என்று ஒப்பிட்டார்கள். 2009-ல் வந்த முடிவை எங்கள் பிரிவில் சுவரில் ஒட்டி வைத்திருந்தோம். மொத்தமாகப் பார்த்தால் வரைபடத்தில் மாத்திரைக்கும் கீமோவுக்கும் போட்ட இரண்டு கோடுகளும் நடுவில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போயின. மரபணு மாற்றம் இருந்தவர்களைத் தனியாகப் பிரித்ததும் மாத்திரை கீமோவைத் தெளிவாக முந்தியது. இல்லாதவர்களுக்கோ மாத்திரை கீமோவைவிட மிக மோசம். பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கீமோ ஏறுவது அதனால் இருக்கலாம்.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் டாக்டர் வனிதா நொரோனா, டாக்டர் குமார் பிரபாஷ் ஆகியோரின் குழு கேட்டது. 350 நோயாளிகள், எல்லாரும் நம் நாட்டவர். பாதிப் பேருக்கு ஜெஃபிடினிப் மட்டும். பாதிப் பேருக்கு அதோடு பெமெட்ரெக்ஸெட், கார்போபிளாட்டின் என்ற இரண்டு கீமோ மருந்துகள். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு 8 மாதம் வரை நோய் முற்றாமல் இருந்தது. சேர்த்து வாங்கியவர்களுக்கு அது 16 மாதம். உயிரோடு இருந்த காலமும் கூடியது. அதே சமயம் கடுமையான பக்கவிளைவு 25 சதவீதத்திலிருந்து 51 சதவீதமாக ஏறியது. இந்த இரண்டாவது எண்ணைச் சொல்லாமல் முதல் எண்ணை மட்டும் சொல்பவரை நம்பாதீர்கள்.

இது எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு. புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. நம் மருத்துவமனைகளில் ஏற்கெனவே இருந்த மூன்று பழைய மருந்துகளை வைத்து, நம் நோயாளிகளுக்குத் தேவையான கேள்வியை நம் டாக்டர்களே கேட்டார்கள். ஆசிமெர்டினிப் என்ற புதிய மாத்திரையோடு கீமோவைச் சேர்த்த பன்னாட்டு ஆய்வும் 2023-ல் அதே திசையைக் காட்டியது.

ஆகவே டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "அம்மாவுக்கு எந்த மாத்திரை? கீமோ சேர்ப்பதைப் பற்றி யோசித்தீர்களா, வேண்டாம் என்றால் ஏன்?" கிட்னி, ரத்த எண்ணிக்கை, வயது, உடல் தெம்பு, மாதம் எத்தனை முறை வந்துபோக முடியும் என்று நல்ல காரணங்கள் இருக்கக்கூடும். காரணம் தெரிந்தால் உங்கள் மனம் ஆறும்.

அப்பாவை வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கண்டுபிடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கீமோவும் நடக்கிறது. கைவிட்டுவிட்டார்களா?
- ஒரு வாசகர், சேலம்

கைவிடவில்லை. உங்கள் டாக்டர் 2010-ல் வெளிவந்த ஒரு ஆய்வைப் படித்தவராக இருப்பார். பாஸ்டனில், புதிதாகக் கண்டறியப்பட்ட, பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேர். எல்லாருக்கும் வழக்கமான சிகிச்சை. பாதிப் பேர் ஆரம்பத்திலிருந்தே ஆதரவுச் சிகிச்சைக் குழுவையும் பார்த்தார்கள். அங்கே கொடுத்தது புது மருந்து அல்ல. உட்கார்ந்து வலியைக் கேட்டார்கள், தூக்கத்தைக் கேட்டார்கள், மனச்சோர்வைக் கேட்டார்கள், எது முக்கியம் என்று கேட்டார்கள். அவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். கடைசிக் காலத்தில் கடுமையான கீமோ குறைவாகவே நடந்தது. அப்படியிருந்தும் அவர்களில் பாதிப் பேர் 11.6 மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்கள், மற்றவர்களுக்கு அது 8.9 மாதம். இரண்டே முக்கால் மாதம் என்பது சின்ன எண் போலத் தெரியலாம். நான் வார்டில் இருந்தவள். அந்த இரண்டே முக்கால் மாதத்தில் ஒரு பேத்தியின் கல்யாணம் நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அப்பாவை அந்தப் பிரிவுக்கு அவசியம் அழைத்துப் போங்கள். வலி, மூச்சிரைப்பு, மலச்சிக்கல், தூக்கம் இவற்றை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டு போனால் அவர்களுக்கு வேலை சுலபம். மார்ஃபின் எழுதிக் கொடுத்தால் பயப்படாமல், சொன்ன நேரத்தில், சொன்ன அளவில் கொடுங்கள். கூடவே மலச்சிக்கலுக்கும் மருந்து கேட்டு வாங்கி வாருங்கள்.