ஜிஆர்இ தேர்வின் ஆங்கிலச் சொற்கள்: அருமனையிலிருந்து எழுதிய தந்தைக்கு

அன்புள்ள ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்து, இப்போது மின்னணுவியல் பொறியியலில் இறுதியாண்டில் இருக்கும் தங்கள் மகள், அமெரிக்காவில் முதுகலை படிக்க ஜிஆர்இ என்னும் தகுதித் தேர்வை எழுத விரும்புவதையும், நாகர்கோவிலில் வாங்கிய 3,500 சொற்கள் அடங்கிய புத்தகத்தில் முதல் எழுத்தைக்கூடத் தாண்டாமல் சோர்ந்துபோயிருப்பதையும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் புத்தகத்தைச் சிறிது காலம் அலமாரியில் வைத்துவிடச் சொல்லுங்கள்.

சொற்களைப் பற்றிப் பேசுமுன் இரண்டு காரியங்களை முடித்துவிடலாம். அண்மை ஆண்டுகளில் பல பல்கலைக்கழகங்கள் ஜிஆர்இ மதிப்பெண்ணைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. ஆகவே மகள் விண்ணப்பிக்க நினைக்கும் ஒவ்வொரு துறையின் இணையதளத்திலும் அது தேவையா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அடுத்தது பாஸ்போர்ட். தேர்வுக்குப் பதிவு செய்யும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். சான்றிதழில் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் தந்தை பெயரின் விரிவும் இருப்பது நம் பிள்ளைகளுக்கு வழக்கமான தலைவலி என்பதால் இதைச் சொல்கிறேன்.

இனி தேர்வுக்கு வருவோம். 2023 செப்டம்பரிலிருந்து இத்தேர்வு இரண்டு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவாகச் சுருக்கப்பட்டுவிட்டது. ஆங்கிலப் பகுதியில் 41 நிமிடங்களில் 27 வினாக்கள். மதிப்பெண் 130 முதல் 170 வரை. அந்த வினாக்களில் ஏறக்குறைய பாதி பத்திகளைப் படித்து விடையளிப்பவை, மறுபாதியே சொல்லறிவைச் சோதிப்பவை. 2011 வரை எதிர்ச்சொல் கேட்கும் வினாக்கள் தனியாக இருந்தன. பட்டியலை உருப்போட்டவர்களுக்கு அவை கைகொடுத்தன. அவை நீக்கப்பட்ட பிறகும் உருப்போடும் பழக்கம் மட்டும் ஏனோ நம்மை விட்டுப் போகவில்லை. இப்போது சொல் தனியாக வருவதில்லை, ஒரு வாக்கியத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு மாதிரி காட்டுகிறேன். 'வாயாடி என்று பெயரெடுத்த அந்த அதிகாரி அன்றைய கூட்டத்தில் மட்டும் வியப்பூட்டும் அளவுக்கு ______ இருந்தார்' என்ற பொருளில் ஒரு வாக்கியம். கீழே ஆறு சொற்கள். வாக்கியத்துக்கு ஒரே பொருளைத் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'காரலஸ்', 'லொக்வேஷஸ்' என்ற இரண்டும் அந்த ஆறில் இருக்கின்றன. இரண்டுக்கும் வளவளவென்று பேசுகிறவர் என்பது பொருள். பட்டியல் படித்த மாணவர் அந்த இணையைக் கண்டதும் மகிழ்ந்து அதையே குறித்துவிடுவார். ஆனால் 'மட்டும்', 'வியப்பூட்டும்' என்ற இரண்டு சொற்களை நின்று பார்த்தவருக்கு, விடுபட்ட இடத்தில் வாயாடிக்கு நேர்மாறான ஒன்றுதான் வர முடியும் என்பது புரிந்துவிடும். அவர் 'டாசிடர்ன்', 'ரெடிசன்ட்' என்ற, பேச்சைக் குறைத்தவர்களுக்கான இணையைத் தேடுவார். இரண்டில் ஒன்று சரியாக இருந்தாலும் பாதி மதிப்பெண் கிடையாது. அதனால்தான் சொல்லின் பொருளைவிட வாக்கியம் திரும்பும் இடத்தைக் கண்டுபிடிக்கும் பழக்கத்தை முதலில் வளர்க்கச் சொல்கிறேன். அதற்குத் தமிழ்வழிக் கல்வி ஒரு தடையே அல்ல.

தங்கள் மகளுக்கு ஆங்கிலச் சொல்லே தெரியாது என்பதையும் நான் ஏற்க மாட்டேன். தொலைவு கூடக்கூடச் சிக்னல் வலுவிழப்பதை 'அட்டென்யுவேஷன்' என்று நான்கு ஆண்டுகளாகப் படித்திருக்கிறார். தேர்வில் ஒரு செல்வாக்கோ ஒரு வாதமோ 'அட்டென்யுவேட்' ஆகும், அவ்வளவுதான். மின்சாரம் நின்றதும் அழிந்துபோகும் 'வோலடைல்' மெமரியை அறிந்தவருக்கு, நொடிக்கு நொடி மாறும் மனநிலைக்கும் அதே சொல் வருவது புதிதாக இராது. கல்யாண வீட்டில் 'கேண்டிட்' போட்டோ எடுக்கிறார்களே, அந்தச் சொல்லுக்குத் தேர்வில் ஒளிவுமறைவின்றிப் பேசுகிற என்று பொருள். வங்கியில் கடன் 'சாங்ஷன்' ஆனால் மகிழ்கிறோம். ஒரு நாட்டின்மீது 'சாங்ஷன்' விதித்தால் அது தண்டனை. நம் குமரி மாவட்டத்தில், தேவாலயப் பங்கைக் குறிக்கும் 'பாரிஷ்' என்ற சொல்லைக் கேளாதவர் யார்? அதோடு பிறந்ததுதான் 'பரோக்கியல்': தன் எல்லைக்கு வெளியே உலகம் இருப்பதை நினைக்காத குறுகிய பார்வை. அதே கோயில் வளாகத்திலிருந்து வரும் 'கேத்தலிக்' என்ற சொல்லுக்கோ, சமயத்துக்கு வெளியே, பரந்த ரசனையுடைய என்று பொருள். இப்படித் தெரிந்த சொல்லின் தெரியாத முகங்களை அவரே ஒரு நோட்டில் எழுதி வரட்டும். நானூறு சொற்களாவது சேர்ந்துவிடும் என்பது என் கணிப்பு.

ஒரே பொருளுடைய சொற்களுக்கிடையே உள்ள நிறத்தையும் தமிழிலிருந்தே பிடிக்கலாம். சிக்கனக்காரர் என்றால் பாராட்டு, கஞ்சன் என்றால் ஏச்சு, பிசினாறி என்றால் சண்டைக்கே வந்துவிடுவார்கள். பாராட்டாக வரும் 'ஃப்ரூகல்' என்பதையும் ஏச்சாக வரும் 'பார்சிமோனியஸ்' என்பதையும் 'செலவைக் குறைப்பவர்' என்று ஒரே வரியில் எழுதிவைத்தால், வாக்கியம் ஒருவரைப் புகழ்கிறதா பழிக்கிறதா என்ற வினாவில் மகள் மாட்டிக்கொள்வார்.

ரப்பர் மரத்தில் பால்வெட்டுவதைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டையை மெல்லியதாகச் சீவி, ஒரு நாள் வெட்டி ஒரு நாள் விட்டு, திரும்ப அதே மரத்துக்கு வருகிறீர்கள். இன்றைக்கே நிறையப் பால் வேண்டுமென்று ஆழ வெட்டுகிற புதுக் கையைத் தோட்டத்தில் விடமாட்டீர்கள். சொல்லுக்கும் அந்த நிதானம் வேண்டும். நாளுக்குப் பத்துச் சொற்கள் போதும். அவற்றை மறுநாளும், நான்காம் நாளும், பத்து நாள் கழித்தும் பொருளை மறைத்துவைத்து நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் வைத்துத் தம் வீட்டைப் பற்றியோ கல்லூரியைப் பற்றியோ ஒரு வாக்கியம் சொந்தமாக எழுத வேண்டும். கூடவே ஓர் ஆங்கிலத் தலையங்கத்தையோ அறிவியல் கட்டுரையையோ நாள்தோறும் நிதானமாகப் படித்து, ஆசிரியர் எந்த இடத்தில் உடன்படுகிறார், எந்த இடத்தில் மறுக்கிறார் என்று ஓரத்தில் தமிழிலேயே குறித்தாலும் குற்றமில்லை.

ஐந்து மாதம் கையில் இருந்தால் அவசரமில்லை. தேர்வை நடத்தும் ஈடிஎஸ் நிறுவனமே இரண்டு மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. முதலாவதை இப்போதே எழுதிப் பார்க்கட்டும், இரண்டாவதைக் கடைசி மாதத்துக்கு வைத்துக்கொள்ளட்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால் எந்த வினாவையும் வெறுமனே விட வேண்டாம். முதல் முறை சரியாக அமையாவிட்டால் 21 நாள் கழித்து மீண்டும் எழுதலாம். ஆனால் கட்டணம் சிறியதல்ல, அதை மனத்தில் வைத்துத் தேதியைக் குறியுங்கள்.

தங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். சாப்பிடும் நேரத்தில் புத்தகத்தைத் திறந்து 'இதற்கு என்ன அர்த்தம்?' என்று கேட்காதீர்கள். கேட்டே ஆக வேண்டுமென்றால், இன்று எழுதிய வாக்கியங்களில் ஒன்றை வாசித்துத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். முதல் மாதிரித் தேர்வில் அவர் தவறவிட்ட வினாக்களையும் அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு அடுத்த மாதம் இருவரும் வாருங்கள். தவறுகள் சொல்லிலா வாக்கியத்திலா என்று பார்த்த பிறகு, அலமாரியில் இருக்கும் புத்தகத்தில் எந்தப் பக்கங்கள் தேவைப்படும் என்று முடிவு செய்யலாம்.