யூனிகார்ன், டிராகன் பொம்மையெல்லாம் வீட்ல வச்சுக்கலாமா? இஸ்லாம் என்ன சொல்லுது?

வஅலைக்குமுஸ்ஸலாம் சகோதரி. மக யூனிகார்ன் (ஒத்தைக் கொம்புக் குதிரை) பொம்மை கேக்குறா, சொந்தக்காரங்க அது கட்டுக்கதையில வர்ற மிருகம், வீட்ல இருந்தா மலக்குமார் (வானவர்கள்) வர மாட்டாங்கன்னு சொல்றாங்கன்னு எழுதியிருக்கீங்க. தாராளமா வாங்கிக் குடுங்க.

அபூதாவூத்ங்கற ஹதீஸ் நூல்ல ஒரு ஹதீஸ் (நபியோட சொல், செயல் பத்தின அறிவிப்பு) இருக்கு. நபி (ஸல்) தபூக்கோ கைபரோ போர் முடிஞ்சு வீட்டுக்கு வர்றாங்க, காத்து அடிச்சு மாடத்துத் திரை விலகுது, உள்ள நபியோட மனைவி ஆயிஷா (ரலி) அவங்களோட பொம்மைங்க, நடுவுல துணியில ரெண்டு றெக்கை வச்ச ஒரு குதிரை. இது என்னன்னு கேக்குறாங்க, குதிரைங்கறாங்க, அது மேல என்னன்னா றெக்கைங்கறாங்க, குதிரைக்கு றெக்கையான்னு கேட்டா, சுலைமான் நபிகிட்ட றெக்கை வச்ச குதிரைங்க இருந்துச்சுன்னு நீங்க கேள்விப்பட்டதில்லையான்னு ஆயிஷாம்மா திருப்பிக் கேக்க, ரசூலுல்லாஹ் கடவாய்ப்பல் தெரியுற அளவுக்கு சிரிச்சாங்களாம். எனக்கு அவ்ளோ பிடிச்ச ஹதீஸ் இது.

அதே றெக்கைக் குதிரை ஸஹீஹ் முஸ்லிம்ங்கற ஹதீஸ் நூல்லயும் வருது. நபியவங்க பயணம் முடிஞ்சு வரும்போது வாசல்ல அந்தப் படம் போட்ட திரை தொங்குது, எடுக்கச் சொல்லிட்டாங்க. ரெண்டையும் சேர்த்துப் படிச்சீங்கன்னா உங்க கேள்விக்குப் பதில் கிடைச்சிரும், ஒரே உருவம்தான், விளையாட்டுச் சாமானா இருந்தப்ப சிரிச்சாங்க, அலங்காரமா தொங்குனப்ப எடுக்கச் சொன்னாங்க.

உருவங்களுக்கு இருக்குற தடையில பிள்ளைங்க பொம்மைக்கு விதிவிலக்கு இருக்குங்கறதுதான் பெரும்பாலான இமாம்களோட கருத்துன்னு காழி இயாழ்ங்கற அறிஞர் சொன்னதை இமாம் நவவி எடுத்து எழுதியிருக்காங்க. அந்த அனுமதி பின்னாடி மாத்தப்பட்டுச்சுன்னு சொன்ன ஆலிம்களும் (மார்க்க அறிஞர்களும்) உண்டு, அதனால பேணுதலா வாங்காம இருக்கறவங்களைக் குறை சொல்லாதீங்க.

ஆனா பெரியவங்க ஹால் ஷோகேஸ்ல டிராகன் சிலை வாங்கி அடுக்குறதுக்கு இந்த ஹதீஸைக் காட்ட முடியாது, அது அந்தத் திரை மாதிரிதான். மத்தவங்க கும்பிடுற தெய்வ உருவத்தையும் பொம்மைக் கணக்குல சேர்க்காதீங்க.

இதைவிட நான் கவலைப்படுறது வேற. கண் திருஷ்டி படக்கூடாதுன்னு வாசல்லயும் கார்லயும் நீலக் கண் மணி தொங்கவிடுறோமே, அது பாதுகாக்கும்னு நம்பித்தானே தொங்குது? அதுவும் தாயத்து மாதிரிதான்; தாயத்து தொங்கவிட்டவர் ஷிர்க் (அல்லாஹ்வுக்கு இணை) வச்சுட்டார்னு முஸ்னத் அஹ்மத்ங்கற ஹதீஸ் நூல்ல நேரடியாவே இருக்கு. அதைக் கழட்டுங்க முதல்ல. அதிர்ஷ்டம் தரும்னு சொல்லி யூனிகார்ன் கீசெயின் யாராவது வித்தா, அப்ப அதையும் வாங்காதீங்க.